நூற்றுக்கு மூன்று

கறுப்புக் கோடுகள் போட்ட வட்ட அட்டையை
சுழலும் தட்டின்மேல் வைத்தான் தெனிஸ்.
சின்ன விளக்கொன்றைக் காட்டினான்.
கோடுகள் அசையாமல் நிற்க வேண்டுமாம்.
நிற்கவில்லை.
எறும்புச் சாரிபோல் முன்னால் ஊர்ந்தன.
'வேகமா ஓடுது, ஒந்தீனா மேடம். நூற்றுக்கு மூன்று'
காய்ச்சல் அளவைச் சொல்கிறவன்போல்
குரலைத் தணித்துக்கொண்டான்.

த்ரியெஸ்தே துறைமுகக் கிடங்கில்
காப்பி மூட்டை நிறுப்பவள் நான்.
நூற்றுக்கு மூன்று என்றால் எவ்வளவு என்று
எனக்கா தெரியாது?
அறுபது கிலோ மூட்டையில் ஒரு கிலோ எண்ணூறு.
அரை சதவீதம் இடித்தாலே
சிவப்பு மையில் வட்டமிட்டு
கப்பல்காரனைக் கூப்பிட்டு அனுப்பும் கை இது.
இதே கைதான்
பத்தொன்பது வருடம், தினம் ஒரு மணி நேரம்
அந்த ஊசியை இறக்கி வைத்தது.

கணக்குப் போட்டேன், ரசீதின் முதுகில்.
ஒரு மணிக்கு ஒன்றே முக்கால் நிமிடம் லாபம்.
வருடத்துக்குப் பத்தரை மணி.
ஆகமொத்தம் எட்டு நாள்.
யாருக்கும் தெரியாமல்
எங்களுக்கு எட்டு நாள் கூடக் கிடைத்திருக்கிறது.
என்ன செய்தோம் அதை?
பாதியை, எனக்குத் தெரிந்து,
பாத்திரம் யார் கழுவுவது என்பதில் போக்கினோம்.

நேவியோ போனபோது
முந்நூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளையும்
வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டான்.
கருவியை நீயே வைத்துக்கொள் என்றான்.
பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

தெனிஸ் தட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான்.
'இந்தக் கப்பி கம்பெனியுடையது இல்லை.
யாரோ லேத்தில் கடைந்து போட்டிருக்கிறார்கள்.
பித்தளை. நல்ல கைவேலை.
ஒரு மயிரிழை தடிப்பு, அவ்வளவுதான்.'
படகு எஞ்சின் பழுது பார்ப்பவனுக்கு
மயிரிழை பெரிதில்லை.
முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு
சட்டைக் கையில் பித்தளைத் தூளோடு வந்தான்.
ஞாபகம் இருக்கிறது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

புதியது ஆயிரத்து நூறு யூரோ.
கண்ணாடித் தட்டு, மேலே தூசி மூடி,
லாரி போனாலும் துள்ளாத கால்கள்.
பழையதைக் கொடுத்தால் அறுபது கழிப்பான்.
கேட்டுப் பாருங்கள் என்றான்.

கேட்டுப் பார்க்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.
நேவியோ விட்டுப்போன முந்நூற்றுப் பதின்மூன்றாவது:
ஸ்லோவேனிய மொழிப் பாடம், முதல் பாகம்.
பாட்டில்லை என்பதால் அவனுக்கு அது கணக்கில் வரவில்லை.

அதில் ஒரு பெண் கேட்பாள்:
ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?
பிறகு கொஞ்சம் மௌனம், நாம் பதில் சொல்ல.
என் வீட்டில் அவள் எப்போதும்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள்.
கடையின் கண்ணாடித் தட்டில்
அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.
வண்டி போனால் போகட்டும்,
பக்கத்தில் காப்பிக் கடை இருக்கிறதா
என்று கேட்கிற தோரணை.
மௌனமும் நீளம்.
நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள்
என்று முழுதாகச் சொல்லி முடித்தேன்.
தெனிஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

கருவியைப் போர்வையில் சுற்றி
டாக்சியில் திரும்பக் கொண்டுவந்தேன்.
மாடிப்படியில் போரா காற்று
என்னைவிட முதலில் ஏறியது.

இரவு ஊசியை வைத்தேன்.
ரயில் நிலையம் எங்கே என்றாள், மூச்சு வாங்க.
நேராகப் போய் இடது பக்கம் என்பதற்குள்
என் கடைசிச் சொல்லை மிதித்துக்கொண்டு
அடுத்த கேள்விக்கு ஏறிவிட்டாள்:
உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?

கப்பி மட்டும் மாற்ற இருபத்திரண்டு யூரோ.
சனிக்கிழமை வருகிறேன் என்று
தெனிஸிடம் சொல்லியிருக்கிறேன்.
எந்தச் சனி என்று
அவனும் கேட்கவில்லை.